விழக்கூடாத சீட்டு

உலகத்தில் லாட்டரிச் சீட்டு வைத்திருக்கிற அத்தனை பேரும் அது தனக்கு விழ வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். விழுந்து தொலைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு திரிந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது ஷார்ஜாவின் முவைலாவில் குரோசரி நடத்தும் கலீலுர் ரஹ்மான்தான். அதிலும் இந்த டிசம்பர் மாதக் குலுக்கல் நாளன்று அவர் பட்ட பாடு இருக்கிறதே, பகையாளிக்கும் வரக்கூடாது.

கலீல் பாய் லாட்டரி வாங்குகிற ஆளா என்றால், இல்லவே இல்லை. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். வங்கிக் கணக்கில் தெரியாமல் சேர்ந்துவிட்ட வட்டியைக்கூடத் தனியாக எடுத்து, அதில் நன்மையும் எதிர்பார்க்காமல், யாருக்காவது கொடுத்துக் கையைக் கழுவிவிடுகிறவர். சீட்டுக்கு அவர் ஒரு திர்ஹம் போட்டது கிடையாது. அவர் கொடுத்தது பேர் மட்டும்தான். வம்பு வந்ததே அந்தப் பேரால்தான்.

அவருடைய கடைக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் கேம்பில் பழனிச்சாமி, மணிமாறன், சேதுமாதவன் என்று மூன்று பேர் ஒரே ரூமில் இருக்கிறார்கள். மூவருக்கும் கட்டட சைட்டில் சாரம் கட்டுகிற வேலை. அரிசி, வெங்காயம், போன் கார்டு எல்லாம் பாய் கடையில்தான். அவர்கள் மாதா மாதம் சேர்ந்து ஒரு சீட்டு எடுப்பார்கள். சீட்டு ஒரே ஆள் பேரில்தான் இருக்க முடியும். அவன் அடையாள அட்டை, அவன் போன் நம்பர். பக்கத்து ரூமில் இப்படி ஒருத்தன் பேரில் எடுத்த சீட்டுக்குச் சில்லறைப் பரிசு விழுந்து, அவன் "அது என் சொந்தச் சீட்டு" என்று சாதிக்க, மண்டை உடைந்து போலீஸ் வரைக்கும் போய்விட்டது. அதைப் பார்த்தபிறகு மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பழனிச்சாமிக்கு அந்த யோசனை உதித்தது.

"பாய் பேர்ல எடுத்துருவோம்டா. பேங்க்ல போட்ட மாதிரி."

அதுமட்டுமில்லை. போன வருஷம் சேதுமாதவனின் விசா சிக்கலாகி, அவனை ஊருக்கு ஏற்றிவிடப் போகிறார்கள் என்று இருந்தபோது, பாய் அவனுக்காகத் தொழுது, கையேந்தி துஆ கேட்டார். மறுவாரமே காரியம் முடிந்தது. பாய் வாயால் கேட்டால் கிடைக்கும் என்று அந்த ரூமில் முடிவே கட்டிவிட்டார்கள்.

கலீல் பாய் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். "எங்களுக்கு அது ஆகாது பழனி, கேக்காதே" என்றார். பழனிச்சாமி விடவில்லை. "ஊருக்குப் போறவன் நகையைக் குடுத்து வைக்கிறான், பாஸ்போர்ட்டைக் குடுத்து வைக்கிறான். அமானிதம்னு சொல்லி வாங்கி வச்சு அப்படியே திருப்பிக் குடுக்குறீக. இதையும் ஒரு அமானிதம்னு நினைச்சுக்கங்க பாய்" என்றான்.

அமானிதம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் குழைந்துவிட்டார். ஒருத்தன் நம்பி ஒப்படைக்க வருகிறான், நாம் கையை மடக்கிக்கொள்வதா? சரி என்று தலையை ஆட்டிவிட்டார். கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று கடையைச் சாத்திவிட்டுப் படுக்கும்போதுதான் சுரீர் என்று உறைத்தது. பரிசு விழுந்தால் அபுதாபியில் குலுக்கல் மேடையிலிருந்தே போன் போடுவார்கள். உலகமே பார்க்கும். 'கலீலுர் ரஹ்மான், ஷார்ஜா' என்று போட்டோவோடு வரும். சொந்த ஊரான அதிராம்பட்டினத்தில் ஒவ்வொரு வீட்டு போனிலும் அந்தப் போட்டோ சுற்றும். நான் பேர்தான் கொடுத்தேன், காசு போடவில்லை என்று எந்த வாயால் யாரிடம் போய்ச் சொல்வது?

மறுமாதம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தார். வாய் வரைக்கும் வந்தது. அந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டு வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஆகவே அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். குலுக்கல் நாளன்று தொழுதுவிட்டுக் கையேந்தும்போது ஒரு வரி சேர்த்துக் கேட்பார்: யா அல்லாஹ், அது விழக்கூடாது.

இத்தனை மாதமாக விழவில்லை.

இந்த மாதம் என்ன புதுசு என்றால், மகள் ரம்ஸியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். பையன் ஹசன் அலி பஹ்ரைனில் வேலை பார்க்கிறான், தங்கமான பையன். பையனின் வாப்பா செய்கு முகம்மது துபாயில் துணிக்கடை வைத்திருக்கிறார். மார்க்க விஷயத்தில் அவர் கத்தி மாதிரி. தன் தம்பி வட்டிக்குக் கடன் வாங்கிக் கார் வாங்கினான் என்பதற்காக அந்தக் காரில் இன்றுவரை ஏறாதவர். நிக்காஹ் தேதி மட்டும் இன்னும் குறிக்கவில்லை. ஊரில் இருக்கும் ரம்ஸியா தினமும் போனில் "தேதி சொல்லிட்டாங்களா வாப்பா?" என்று வெட்கத்தை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

டிசம்பரில் நாடு பூராவும் விடுமுறை. வருஷா வருஷம் அந்த லீவில் கலீல் பாய் கடை வேனில் மனைவி ஹபீபுன்னிசாவையும் கேம்ப் பையன்களையும் ஏற்றிக்கொண்டு, தய்து ரோட்டில் கூடாரம் போட இடம் விடுகிற பெரிய பூங்காவுக்குப் போவது வழக்கம். இந்தத் தடவை அந்த லீவும் குலுக்கலும் ஒரே நாளில் வந்து விழுந்தன. அதுவே அவருக்குப் போதுமான இம்சை. காலையில் கறியை மசாலாவில் பிரட்டிக்கொண்டிருந்த ஹபீபுன்னிசா போனை வைத்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"இங்க பாருங்க, சம்பந்தி வீட்டுலேருந்து பேசினாங்க. அவங்களும் பார்க்குக்கு வர்றாங்களாம். தேதி பேசத்தான் இருக்கும். எனக்கு மனசுக்குள்ள தெரியுது."

கலீல் பாய்க்குக் கையிலிருந்த டீ கொஞ்சம் சட்டையில் ஊற்றிக்கொண்டது.

"இன்னைக்கா?"

"ஏன், இன்னைக்கு என்ன? நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவளிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவள் அழமாட்டாள், கத்தமாட்டாள். ஒரு வாரத்துக்கு வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். "ஒண்ணுமில்லை, சந்தோசம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றப் போனார்.

வேனில் சாமான் ஏற்றும்போது பழனிச்சாமியைத் தனியே ஒதுக்கி விஷயத்தைச் சொன்னார். சம்பந்தி வருகிறார், சீட்டுப் பேச்சு மூச்சுக்கூட வெளியே வரக்கூடாது. பழனிச்சாமி கையை எடுத்துக் கும்பிட்டான். "நாங்க என்ன விவரம் கெட்டவகளா பாய்? எங்க கூடாரத்தைத் தள்ளிப் போட்டுக்கிறோம். நீங்க உங்க சம்பந்தியைப் பாருங்க. போனை மட்டும் எங்ககிட்ட குடுத்துருங்க. மேடையில இருந்து அடிச்சு எடுக்காமப் போயிறக்கூடாதுல்ல?"

கலீல் பாய் போனைப் பையிலிருந்து எடுத்தார். அணைத்து வைத்துவிடலாம் என்றால், அது மூன்று பேர் நம்பிக் கொடுத்த பொருளின் மேல் மண்ணைப் போடுகிற வேலை. கொடுத்தார்.

பூங்காவில் அன்று கூட்டம் அம்மியது. சாரம் கட்டுகிற கைகளுக்குக் கூடாரம் எம்மாத்திரம்? மற்றவர்கள் கம்பியையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு முழி பிதுங்கி நிற்க, நம்ம ஆட்கள் இரண்டு கூடாரத்தையும் பேசிக்கொண்டே நிமிர்த்தி, கயிற்றைச் சுண்டிப் பார்த்து, "காத்தடிச்சா பார்க் பறக்கும், இது பறக்காது" என்று சவால்விட்டார்கள். பக்கத்து பாகிஸ்தானிக் குடும்பம் பார்த்துவிட்டு, "பாய், ஹமாரா பி" என்று கூப்பிட, சேதுமாதவன் போய் அவர்களுடையதையும் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு தட்டு நிறைய கபாபோடு வந்தான். காஃப் மர நிழலில் பாயை விரித்து, அடுப்புக்கரியைப் பற்றவைத்து, கோழி சுடுகிற வாசம் கிளம்பியதும் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்தது. வருஷம் பூராவும் இரும்புக் கட்டிலில் ஒருத்தன் மேல் ஒருத்தனாகப் படுக்கிறவர்களுக்கு, வேட்டியைக் கட்டிக்கொண்டு புல் தரையில் கை காலை நீட்டி மல்லாந்து கிடப்பதைப் போன்ற சுகம் வேறு உண்டா? யாரும் எழுப்பமாட்டார்கள். யாரும் யல்லா யல்லா என்று கத்தமாட்டார்கள்.

சம்பந்தி இன்னும் வந்து சேரவில்லை. கலீல் பாய் ஆட்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். போன் ஐஸ் பெட்டியின் மேல், சத்தம் முழுசாக ஏற்றி, நடு நாயகமாக வீற்றிருந்தது. பேச்சு எதைப் பற்றி என்று கேட்கவும் வேண்டுமா?

"எனக்கு விழுந்துச்சுன்னா, ஜெபல் அலியில கடலைப் பாக்குற மாதிரி ஒரு ஆபீஸ் போடுவேன்" என்றான் மணிமாறன். "நம்ம போர்மேனை வேலைக்கு வைப்பேன். வேலைன்னு ஒண்ணும் கிடையாது. நான் உள்ள வரும்போதெல்லாம் எந்திரிச்சு நிக்கணும். அவன் எந்திரிக்கும்போது நான் 'ஜல்தி, ஜல்தி'ன்னு சொல்லுவேன். சாயங்காலம் வரைக்கும் இதான் டூட்டி."

"நான் அலாரம் வைப்பேன்" என்றான் சேதுமாதவன். "விடியறதுக்கு முன்னாடி டூட்டிக்கு எந்திரிக்கிற நேரத்துக்கே வைப்பேன். அடிக்கும்ல? அமத்திட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். அந்தத் திரும்பிப் படுக்குறதுக்குத்தான்டா அந்தக் கோடி ரூபா."

சிரிப்பு அடங்கியதும் பழனிச்சாமி சொன்னான்: "ராக்கம்மாவை இங்க கூட்டியாருவேன். பெரிய ஓட்டலுக்கெல்லாம் இல்ல. இதே பார்க்குக்கு. போன வருசம் இப்படிக் கூடாரம் போட்டுப் படுத்தோம்னு போன்ல சொன்னேன். வீடு வாசல் இருக்கிறவுக காரு போட்டு வந்து கூடாரத்துல படுப்பாகளாம், நல்லாக் கதை விடுறீகன்னா. அப்புறம் மெதுவாக் கேக்குறா, உங்களை ரூம்ல இருந்து வெரட்டிவிட்டுட்டாகளா, எங்கிட்ட மறைக்கிறீகளான்னு. கேட்டுட்டு அழுகுறா பாய். போட்டோ அனுப்பினாலும் நம்பலை. அவளை இந்தப் பாயில உக்கார வச்சு, கோழியைச் சுட்டுக் கையில குடுத்து, பாத்துக்கடி சிறுக்கி, உம் புருசன் சுகமாத்தான் இருக்கான்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

கலீல் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்க்கு ஹராம், அதனால பங்கு வேணாம்னுட்டாரு" என்றான் மணிமாறன். "ஆனா ரம்ஸியா கல்யாணத்துக்கு மாமன் சீர் நாங்க மூணு பேரும்தான். அதுக்குத் தடை கிடையாதே? பேசி வச்சிருக்கோம் பாய்."

கலீல் பாய் எழுந்து அடுப்புக்கரியை விசிறப் போனார். நல்லவேளையாக அந்த நேரம் செய்கு முகம்மதுவின் கார் வந்து நின்றது. நல்லவேளை என்றா சொன்னேன்? அதுதான் கெட்ட வேளையும்.

சம்பந்தி வெள்ளை ஜிப்பாவில் இறங்கினார், கூடவே அவர் மனைவியும் ஒரு தூக்கு நிறைய வட்டிலப்பமும். சலாம் சொல்லி, பாயில் உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டு, ஹபீபுன்னிசாவின் கைப்பக்குவத்தைப் பாராட்டி எல்லாம் ஆயிற்று. தேதியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, துணி வியாபாரம் படுத்துப்போன கதை, ஊர்ப் பள்ளிவாசல் கணக்கு என்று போய்க்கொண்டிருந்தது பேச்சு. கலீல் பாயின் ஒரு காது இங்கே, ஒரு காது ஐஸ் பெட்டியின் மேல். அங்கே யாராவது இருமினால்கூட இங்கே இவருக்குத் தூக்கிப்போட்டது.

"உங்க ஆளுங்க எதையோ கூட்டமா உக்காந்து போன்ல பாக்குறாங்களே, என்னது?" என்றார் செய்கு முகம்மது.

"கிரிக்கெட்டா இருக்கும்" என்றார் கலீல் பாய். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரம் ஆனது. செய்கு முகம்மது முன்னே நின்று தொழவைத்தார். தொழுகை முடிந்து அவர் எழுந்து போய்விட்டார். கலீல் பாய் எழவில்லை. அப்படியே உட்கார்ந்து கையேந்தினார். குலுக்கல் ஆரம்பித்துவிட்டது என்பது அந்தப் பக்கம் வந்த மேளச் சத்தத்திலிருந்தே தெரிந்தது.

யா அல்லாஹ், அது விழக்கூடாது. நாயனே, எம் பொண்ணு முகத்துக்காகவாவது விழக்கூடாது. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற நேரத்தில் என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிடாதே. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் கொடு. ஹலாலான வழியில் கொடு. நிறையக் கொடு. இது மட்டும் வேண்டாம் ரஹ்மானே, இது மட்டும் வேண்டாம்.

கேட்கக் கேட்க ராக்கம்மாவின் முகம் வந்து நின்றது. அவளை அவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் வந்து நின்றது. நம்பிக் கொடுத்த பொருளைப் பாதுகாக்க வேண்டியவன், அது நாசமாகப் போகட்டும் என்று கையேந்தி உட்கார்ந்திருக்கிறேனே, இது எந்த வகையில் சேர்த்தி? வீட்டுக்குக் காவல் இருக்கிறவனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிற கதையாக அல்லவா இருக்கிறது? கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அழுதுகொண்டே திரும்பவும் அதையேதான் கேட்டார். விழக்கூடாது, விழக்கூடாது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

பூங்காவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. மணிமாறன் அதைத் தூக்கிக்கொண்டு, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல், புல் தரையைத் தாண்டி ஓடி வந்தான். "பாய்! அபுதாபி நம்பர் பாய்! ரெண்டுல ஆரம்பிக்குது!" அவனுக்குப் பின்னால் சேதுமாதவன். பழனிச்சாமி மட்டும் கூடாரத்து வாசலிலேயே நின்றான், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு.

கலீல் பாய் எழுந்து நின்றார். போன் கையில் வந்துவிட்டது. எதிரே செய்கு முகம்மது, டீக் கிளாஸும் கையுமாக.

"எடுங்க சம்பந்தி. அவசரமா இருக்கும் போலிருக்கே."

எடுத்தார்.

"குட் ஈவினிங் சார், மிஸ்டர் கலீலுர் ரஹ்மான்?" ஒரு பெண் குரல், தேன் ஒழுகியது.

"ஆ... ஆமா. யெஸ்."

"கங்ராஜுலேஷன்ஸ் சார்!"

கலீல் பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போச்சு. ரம்ஸியா, உன்னை நானே கெடுத்துவிட்டேன் தாயே.

"சார், எங்க பேங்க்ல உங்களுக்கு ஒரு கோல்டு கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு. முதல் வருஷம் கட்டணம் இல்லை..." என்று இங்கிலீஷில் அடுக்கிக்கொண்டே போனாள்.

"மாஃபி!" என்று கத்தினார் கலீல் பாய். "மாஃபி, மாஃபி! நோ கார்டு! கல்லாஸ்!" துண்டித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். மணிமாறனின் முகம் கறுத்தது. போனை வாங்கிக்கொண்டு திரும்பினான். அவன் கூடாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே மேடையில் யாரோ ஒருத்தரின் பேரைச் சொல்லி முடித்துவிட்டார்கள். இவர் பேர் இல்லை. சேதுமாதவன் காலில் கிடந்த செருப்பை உதறி எறிந்ததிலிருந்தே கலீல் பாய்க்கு அது புரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

செய்கு முகம்மது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு சம்பந்தி?"

"கிரெடிட் கார்டு. பேங்க்ல இருந்து."

"அதுக்கா இந்த ஆட்டம்?" என்றவர், கண்ணில் இன்னும் ஈரம் காயாத இவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "வட்டின்னா இப்படிப் பதறுற மனுசனை நான் இந்த ஊர்ல பார்த்ததில்லை. மாஷா அல்லாஹ். ரொம்ப நேரமா யோசிச்சிட்டிருந்தேன், சம்பந்தி வீட்டு நெலவரம் என்னன்னு இன்னும் கொஞ்சம் பார்த்துட்டுப் பேசுவோம்னு. இதுக்கு மேல என்ன பார்க்கணும்? பெருநாள் கழிச்சு வர்ற முதல் வெள்ளிக்கிழமை நிக்காஹை வச்சிருவோம், இன்ஷா அல்லாஹ்."

ஹபீபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உடனே ஊருக்குப் போன் போட்டாள். ரம்ஸியாவின் சிரிப்புச் சத்தம் பாயில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்டது. எல்லாம் கூடி வந்துவிட்டது. இனி கலீல் பாய்க்கு என்ன கவலை? வட்டிலப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே?

மனிதரால் முடியவில்லை. வட்டிலப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

பொழுது சாய்ந்தது. சம்பந்தி வீட்டார் மக்ரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்யப் பூங்காப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார்கள், ஹபீபுன்னிசாவும் கூடப் போனாள். "சாமானை ஏத்திட்டு வந்துடறேன்" என்று கலீல் பாய் பின்தங்கினார். மணிமாறனும் சேதுமாதவனும் ஐஸ் பெட்டியை வேனுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பழனிச்சாமி தனியாகக் குனிந்து கூடார முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தான்.

"தேதி குறிச்சாச்சாமே பாய்! அக்கா சொன்னாக. சந்தோசம்."

"ஆமா பழனி." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குத்தான்..." என்று இழுத்தார்.

"அது கெடக்குது விடுங்க. இந்த மாசம் இல்லைன்னா வர்ற மாசம்." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான். "பாய், ஒண்ணு சொல்லணும். நீங்க தொழுதுட்டு உக்காந்து எங்களுக்காகக் கேட்டீகல்ல, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணுல தண்ணி ஊத்துது உங்களுக்கு. கூடப் பொறந்தவன்கூட எனக்குன்னு இப்படி ஒரு சாமிகிட்ட அழுததில்லை பாய். இப்பத்தான் ராக்கம்மாகிட்ட போன்ல சொன்னேன். சீட்டுப் போனா போகட்டும், அம்புட்டு அழுது கேக்க ஒரு மனுசன் அங்க இருக்காருல்ல, இனிமே நான் பயப்பட மாட்டேன்னு சொன்னா. உங்களைக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னா."

சொல்லாமல் இருந்திருக்கலாம். எத்தனையோ பேர் இந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் கலீல் பாய்க்கு அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை. தன்னுடையது அல்லாத ஒரு பொருளைக் கையில் திணித்த மாதிரி இருந்தது.

"நான் அது விழணும்னு கேக்கலை பழனி."

"என்ன பாய்?"

"விழக்கூடாதுன்னு கேட்டேன். எம் பேரு வெளிய வந்தா பொண்ணு கல்யாணம் நின்னு போயிரும்னு பயம். அதான் அழுதேன். என்னை மன்னிச்சிரு."

பழனிச்சாமி முதலில் சிரிக்கப் பார்த்தான். பாய் விளையாடுகிறார் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து இன்னொரு முளையைப் பிடுங்கினான். அது வரவில்லை, ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான்.

"சரி. இந்த மாசம் சம்பந்தி வந்ததால கேட்டீக. நாயம்தான். பொண்ணைப் பெத்தவரு." முளையைக் கீழே போட்டான். "அப்ப போன மாசம்?"

கலீல் பாய் அந்த முளையை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

"போன மாசமுமா பாய்?"

"ம்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"எங்க மார்க்கத்துல அது ஆகாது பழனி. எம் பேர்ல அந்தக் காசு வரக்கூடாதுன்னு ஆரம்பத்துலேருந்தே..."

பழனிச்சாமி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் கயிற்றை முழங்கையில் போட்டுச் சுருட்ட ஆரம்பித்தான், சைட்டில் வேலை முடிந்து சுருட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல்.

"உங்களைக் கெட்டவருன்னு நான் சொல்லமாட்டேன் பாய். நல்ல மனுசன். அதான் உங்க பேர்ல எடுத்தோம். நீங்க கேட்டா நடக்கும்னுதான எடுத்தோம்?" கயிற்றின் நுனியை முடிச்சுப் போட்டான். "நடந்திருக்கு. மாசா மாசம் நடந்திருக்கு."

"அப்படியெல்லாம் இல்ல பழனி, அது அதிர்ஷ்டம்..."

"இல்ல பாய். எனக்குத் தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது, பழைய மாதிரியே குறையாமல். "வர்ற மாசம் மணி பேர்ல எடுத்துக்கிறோம்."

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தார். வந்தபோது அது அவருக்கு ஒரு சொட்டு நிம்மதியைத் தரவில்லை. "சரிப்பா" என்றார்.

பழனிச்சாமி சுருட்டிய கூடாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரண்டு அடி நடந்தான். பிறகு நின்று திரும்பினான்.

"ஒண்ணே ஒண்ணு பாய். கோவிச்சுக்கக்கூடாது. இனிமே எங்களுக்குன்னு எதுவும் கேட்டுறாதீக."

சொல்லிவிட்டு வேன் பக்கம் போய்விட்டான். மக்ரிபுக்குப் பாங்கு கேட்டது. சம்பந்தி தூரத்திலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். கலீல் பாய் பள்ளிவாசலை நோக்கி நடந்தார், தொழுதார். எல்லோரும் தொழுது முடித்துக் கையேந்தியபோது அவர் மட்டும் இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்குவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.